மையவாடிக்குச் செல்லும் பாதை

1980ஆம் ஆண்டு நவம்பரில், மாஸ்கோவிலிருந்து வெளிவந்த ‘நோவி மீர்’ என்னும் இலக்கியத் திங்களிதழில் ஒரு நாவல் வெளியாயிற்று. எழுதியவர் கிர்கீஸ் இனத்தவரான சிங்கிஸ் ஐத்மாத்தவ். நாவலின் தலைப்பைத் தமிழில் ‘நூற்றாண்டினும் நீளும் நாள்’ எனலாம். கஸாக்ஸ்தானத்தின் வறண்ட சமவெளியில், ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுச் செல்லும் சிறு நிலையம் ஒன்றில் ஒரு முதியவர் மௌத்தாகிறார். அவருடைய மையித்தை முன்னோர் அடங்கிய மையவாடியில் நல்லடக்கம் செய்ய அவருடைய நண்பர் புறப்படுகிறார். அந்த ஒரு நாளின் பயணமே நாவலின் அடிப்படை.

இந்நாவல் தந்த ஒரு சொல், பின்னர் நாவலை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்தது. ‘மான்குர்த்’ என்பது அச்சொல். தன் பெயரும், பெற்றோரும், பிறந்த மண்ணும் நினைவிலிருந்து அழிக்கப்பட்ட அடிமை என்பது அதன் பொருள். 1980களின் இறுதியில் சோவியத் யூனியன் ஆட்டங்காணத் தொடங்கியபோது, மத்திய ஆசியக் குடியரசுகளின் இதழ்களிலும் மேடைகளிலும் இச்சொல் தாராளமாகப் புழங்கிற்று. தாய்மொழி பேசாதவன் மான்குர்த். மூதாதையரின் பெயரறியாதவன் மான்குர்த். மாஸ்கோவின் ஆணைக்குத் தலையாட்டியவன் மான்குர்த். 1990இல் துருக்மேனிய இயக்குநர் கோஜாகுலி நர்லீயெவ் அப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் எடுத்தார்.

ஒரு நாவலின் சொல் ஒரு சமுதாயத்தின் அரசியற் சொல்லாக மாறுவது அரிய நிகழ்ச்சி. ஆயினும், சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் நாவலையும் எடுத்துக்கொண்டார்களா? இல்லை என்பதே நம் கருத்து. அதனை நிறுவ, நாவலுக்குள்ளும் அது பிறந்த காலத்திற்குள்ளும் சற்றே ஆழ்ந்து செல்லல் வேண்டும்.

ஆசிரியர்

ஐத்மாத்தவ் தமிழ் வாசகர்க்குப் புதியவர் அல்லர். ‘ஜமீலா’, ‘முதல் ஆசிரியர்’ ஆகிய அவருடைய கதைகள் மாஸ்கோப் பதிப்பகங்களால் தமிழில் அச்சிடப்பெற்று, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வாயிலாகக் குறைந்த விலைக்கு நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றைப் படித்தோர் அம்மலைநாட்டுப் புல்வெளிகளையும் குதிரைகளையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆரம்பக் கதைகளில் புதிய ஆட்சி பெரிதும் ஒளியாகவே வருகிறது. தானே அரைகுறையாய்ப் படித்த ஓர் இளைஞன், பழைய குதிரை லாயம் ஒன்றைப் பள்ளிக்கூடமாக்கி, பெற்றோரற்ற ஒரு சிறுமிக்குக் கல்விக் கண்ணைத் திறக்கிறான். இது பொய்ச் சித்திரமன்று. எழுத்தறிவும், பெண்கல்வியும், மருத்துவ வசதியும் அந்நாடுகளின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் சென்றது அவ்வாட்சியில்தான் என்பதை மறுப்பது நேர்மையாகாது.

அதே ஆட்சிதான் அவருடைய தந்தையையும் கொன்றது. தொரெகுல் ஐத்மாத்தவ் கிர்கீஸியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னணியினருள் ஒருவர். ஸ்டாலினின் களையெடுப்பில் 1937இல் கைதாகி, 1938இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1928 டிசம்பரில் பிறந்த சிங்கிஸ் அப்போது பத்து வயதும் நிரம்பாத சிறுவர். தந்தை எங்கே அடக்கப்பட்டார் என்பதைக் குடும்பத்தார் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறியவில்லை. தந்தையைக் கொன்ற ஆட்சியிடமிருந்தே மகன் 1963இல் லெனின் பரிசைப் பெற்றார். இவ்விரண்டையும் ஒருங்கே சுமந்தவரின் எழுத்து இது என்பதை நினைவிற்கொண்டு நாவலுக்குள் நுழைவோம்.

ஒரு ஜனாஸா ஊர்வலம்

மௌத்தானவர் கஸங்காப். நண்பர் எடிகே. ஏரல் கடலில் மீன்பிடித்து வாழ்ந்த எடிகே, போர்க்களத்தில் அடிபட்டு மீண்டபின் கஸங்காபின் அழைப்பில் இந்நிலையத்திற்கு வந்து, இருப்புப்பாதைத் தொழிலாளியாய் முதுமை எய்தியவர். மையித்தை வெள்ளைத் துணியில் சுற்றி, டிராக்டரின் இழுவண்டியில் ஏற்றி, தாம் தம் ஒட்டகத்தின்மீது முன்செல்கிறார். கபுறு தோண்டும் இயந்திரம் பின்னே வருகிறது. ஆனா-பெயித் என்னும் பழைய மையவாடியே அவர்கள் சென்றடைய வேண்டிய இடம். அப்பெயருக்குத் தாயின் அடக்கவிடம் என்று பொருள்.

கஸங்காபின் மகன் ஸபித்ஜான் நகரத்தில் அலுவல் பார்ப்பவன். இத்துணைத் தொலைவு எதற்கு, அருகிலேயே எங்கேனும் அடக்கிவிட்டு நான் ஊர் திரும்ப வேண்டும் என்பது அவன் அவசரம். எடிகே இணங்கவில்லை. சமவெளியைக் கடந்து சென்றால், மையவாடிக்கு முன்னே முள்வேலி நிற்கிறது. ராக்கெட் ஏவுதளத்தின் எல்லை அது. காவலில் இருக்கும் இளம் அதிகாரி கஸாக்கியன். தான்ஸிக்பாயேவ் என்பது பெயர். எடிகே நம்மவன் என்ற மகிழ்ச்சியில் கஸாக் மொழியில் பேசத் தொடங்க, தன்னிடம் ருஷ்ய மொழியில் பேசுமாறு அவன் பணிக்கிறான். உள்ளே விட முடியாதென்பதோடு, அந்த மையவாடியே சமன்செய்யப்பட்டு அங்கே குடியிருப்புகள் எழவிருக்கின்றன என்ற செய்தியும் கிடைக்கிறது. மையித்தைத் திருப்பிக் கொண்டுபோவது தகாது என்று, வழியிலிருந்த ஒரு மேட்டருகே கபுறு தோண்டி எடிகே அடக்கம் செய்கிறார். ஓத வேண்டியதை அவரே ஓதுகிறார். உடன் வந்த இளைஞர்கள் மரியாதையோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு ஓதத் தெரியாது.

இதனிடையே எடிகேயின் நினைவில் இன்னொரு கதை விரிகிறது. போரில் ஜெர்மானியரிடம் கைதியாகி, தப்பி, யூகோஸ்லாவியக் கொரில்லாக்களுடன் சேர்ந்து போரிட்டவர் அபுதாலிப் என்னும் பள்ளி ஆசிரியர். கைதியாய் இருந்த குற்றத்திற்காக வேலையிழந்து, மனைவி ஸரிபாவோடும் இரு சிறுவரோடும் இந்நிலையத்தில் ஒதுங்குகிறார். இரவுகளில், தாம் கண்டதையும் சமவெளியின் பழங்கதைகளையும் தம் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறார். அந்த எழுத்தே குற்றமாயிற்று. 1953இன் தொடக்கத்தில் கைதானவர் மீளவில்லை. அவரை விசாரித்தவனின் பெயரும் தான்ஸிக்பாயேவ் என்றே ஆசிரியர் வைத்திருப்பது தற்செயலன்று.

மான்குர்த்தின் கதை

ஆனா-பெயித் தோன்றிய வரலாறாக நாவலில் வருவது மான்குர்த்தின் கதை. பண்டைக் காலத்தில் ஜுவான்ஜுவான் என்னும் கூட்டத்தார் சமவெளியைக் கைப்பற்றுகின்றனர். சிறைப்பட்ட இளைஞரின் தலையை மழித்து, அப்போதுதான் உரித்த ஒட்டகத்தின் மடித்தோலை இறுக்கிப் பொருத்தி, வெயிலில் கிடத்திவிடுவர். தோல் காய்ந்து சுருங்கத் தலை நெரியும். பெரும்பாலோர் இறப்பர். பிழைத்தவன் தன் பெயரையும் பெற்றோரையும் மறந்து, ஆண்டானின் குரலை மட்டுமே அறிந்தவனாவான்.

நைமான்-ஆனா என்னும் தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். ஒட்டகம் மேய்க்கும் மான்குர்த்தாக அவனைக் காண்கிறாள். உன் தந்தையின் பெயர் தோனென்பாய் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஆண்டான் தந்த வில்லை எடுத்து, மகன் தாயை அம்பெய்து கொல்கிறான். அவள் தலையிலிருந்து விழுந்த வெண்துகில் பறவையாகிப் பறக்கிறது. அவள் அடங்கிய இடமே ஆனா-பெயித்.

தாயைக் கொன்றது ஜுவான்ஜுவான் அன்று. அவள் பெற்ற மகன் என்பதை நாம் இவ்விடத்தில் ஊன்றி நோக்க வேண்டும். சித்திரவதை வெளியிலிருந்து வந்தது. அம்பு வீட்டிலிருந்து வந்தது. நாவலின் முழுப் பொருளும் இவ்விரண்டாவது உண்மையின்மீதே நிற்கிறது எனலாம்.

எதிரி யார்?

1980களின் இறுதியில் மேடையேறிய மான்குர்த் என்னும் சொல், முதல் உண்மையை மட்டுமே பேசிற்று. மாஸ்கோ நம் தலையில் தோலை இறுக்கியது என்றது. அதில் மெய் இல்லாமல் இல்லை. கிர்கீஸ், கஸாக், உஸ்பெக், தாஜிக் மக்கள் அறபு எழுத்தில் எழுதி வந்தவர்கள். 1920களின் இறுதியில் அவ்வெழுத்து நீக்கப்பட்டு லத்தீன் எழுத்து வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1940ஐ ஒட்டி, அதுவும் நீக்கப்பட்டு ருஷ்ய எழுத்து புகுத்தப்பட்டது. பாட்டனாரின் கடிதத்தைத் தந்தையும், தந்தையின் பாடநூலை மகனும் படிக்க முடியாத நிலை ஒரே தலைமுறைக் காலத்தில் உருவாயிற்று. அறபுத்தமிழ் ஏடுகளைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் தவிக்கும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கஸாக் மக்களின் துன்பம் இன்னும் கொடியது. மேய்ச்சல் மக்களைக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்ததன் விளைவாக 1931-33 பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் மாண்டனர். போரும், குடியேற்றங்களும், 1950களின் தரிசுநிலத் திட்டமும் சேர, 1959 கணக்கெடுப்பில் கஸாக்கியர் தம் சொந்தக் குடியரசிலேயே சுமார் 30 விழுக்காடாகக் குறைந்திருந்தனர். சிறுபான்மையாகிவிட்ட மக்களின் பிள்ளை நகரத்திற்குச் சென்றால், மொழி தானாகவே நாவிலிருந்து நழுவும்.

இத்தனையும் மெய்யே. எனினும் ஐத்மாத்தவ் தம் நாவலில் ஒரு ருஷ்யனைக்கூட ஜுவான்ஜுவானாக நிறுத்தவில்லை. மையவாடியின் வாயிலில் நிற்பவன் கஸாக்கியன். அபுதாலிப்பை விசாரித்தவன் கஸாக்கியன். தந்தையின் ஜனாஸாவைச் சுமையாகக் கருதியவன் சொந்த மகன். மாறாக, அபுதாலிப்பின் பழியைத் துடைக்க எடிகேக்குத் துணைநின்ற யெலிஸாரவ் என்னும் நிலவியல் அறிஞர் ருஷ்யர். தணிக்கைக்கு அஞ்சி ஆசிரியர் இவ்வாறு அமைத்தார் என்று கூறுவோர் உண்டு. அச்சமும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். ஆனால் அச்சத்தால் மட்டுமே விளைந்த அமைப்பு இத்துணை ஆழமாய் நெஞ்சைத் தைக்காது.

ஸபித்ஜானை ஆசிரியர் படைத்திருக்கும் முறையைக் காண்போம். அவன் தலையில் எவரும் தோலை இறுக்கவில்லை. அவனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவன் தந்தையே. மகன் படித்து உயர வேண்டும், என்னைப்போல் பாதையில் பனியை வாரிக்கொண்டிருக்கக் கூடாது என்பது கஸங்காபின் ஆசை. எந்தத் தந்தையின் ஆசையும் அதுதான். விடுதியில் படித்த மகன் தலைவர்களின் பெயர்களையும் அலுவலகப் பேச்சையும் கற்றான். தந்தைக்காக அழும் வகையைக் கற்கவில்லை. எதிர்காலத்தில் மனிதர் அனைவரையும் வானொலி அலைகளால் மேலிருந்து இயக்குவார்கள் என்று அவன் மையித்து வீட்டில் மகிழ்ச்சியோடு பேசும் இடம், நாவலின் மிகக் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. மான்குர்த்துக்கு வேதனையேனும் இருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை.

அடக்கம் முடிந்தபின், மையவாடியைக் காக்க மேலதிகாரிகளிடம் சென்று முறையிடுவோம் வா என்று எடிகே ஸபித்ஜானை அழைக்கிறார். அவன் மறுக்கிறான். அப்போது எடிகே அவனை மான்குர்த் என்கிறார். உரக்க அன்று, முணுமுணுப்பாக. அவர் மனத்தில் வெறுப்பும் இரக்கமும் ஒருங்கே இருந்தன என்கிறார் ஆசிரியர். அச்சொல் மேடைக்கு வந்தபோது வெறுப்பு மட்டும் உடன்வந்தது. இரக்கம் நாவலிலேயே தங்கிவிட்டது.

ஓதத் தெரிந்த கடைசி மனிதர்

முஸ்லிம் வாசகர்க்கு இந்நாவலில் தனியே மனங்கொள்ளத்தக்க ஒரு கூறு உண்டு. எடிகே பெரிய மார்க்க அறிஞர் அல்லர். இறைவனைப் பற்றி அவருக்கு ஐயங்களும் உண்டு. ஆயினும் ஒரு மனிதனை மண்ணுக்குள் வைக்கும்போது சொல்ல வேண்டியவை உண்டு என்பதில் அவருக்கு ஐயமில்லை. நாளை நான் மாண்டால் இவ்விளைஞர்கள் என்னை எதைச் சொல்லி அடக்குவார்கள் என்ற கவலை அந்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

இது நாவலாசிரியரின் கற்பனை மட்டுமன்று. சோவியத் ஆட்சியில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் மூடப்பட்டபின், மார்க்கம் பெரும்பாலும் வீட்டுக்குள் ஒதுங்கியது. 1943இல் தாஷ்கண்டில் மார்க்க நிர்வாகம் ஒன்றை அரசே அமைத்தது. எனினும் அது சிலரையே உருவாக்க முடிந்தது. பெயரிடல், விருத்தசேதனம், திருமணம், ஜனாஸா ஆகியவற்றில்தான் மக்கள் தம் மரபைக் காத்தனர். அவற்றுள்ளும் ஜனாஸாவைக் கட்சியின் தலைவர்கள்கூட விட்டுவிடவில்லை. அதுவே அதிகாரத்தின் கண்ணை உறுத்திற்று. 1986 நவம்பரில் தாஷ்கண்டுக்கு வந்த கோர்பசேவ், மார்க்கச் செயல்களுக்கு எதிராகக் கண்டிப்பான போராட்டம் வேண்டும் என்று கட்சியினரிடம் வற்புறுத்தினார். அக்காலத்தில் உஸ்பெக்கிஸ்தானில், பெற்றோரின் ஜனாஸாவில் மார்க்க முறைப்படி கலந்துகொண்ட குற்றத்திற்காகக் கட்சி உறுப்பினர் தண்டிக்கப்பட்டதுண்டு. தந்தையின் மையித்தைச் சுமக்க அஞ்சும் மகன் என்னும் பாத்திரத்தை ஐத்மாத்தவ் எழுதியது அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பு.

காற்று விரைவில் திசைமாறியது. 1989இல் தாஷ்கண்டில் மக்கள் திரண்டு எழுந்து, அரசுக்கு உகந்தவராய் இருந்த முஃப்தியை விலகச் செய்தனர். உஸ்மான் (ரலி) அவர்களின் பெயரால் போற்றப்படும் பழம்பெரும் குர்ஆன் பிரதி, அதே ஆண்டில் அருங்காட்சியகத்திலிருந்து முஸ்லிம்களிடம் திரும்பியது. எடிகேயின் கவலையைப் பலரும் சுமந்திருந்தனர் என்பதற்கு இவை சான்று.

நாவலின் குறைகள்

புகழ்ந்துரைப்பது மட்டுமே திறனாய்வு ஆகாது. இந்நாவலில் ஒரு விண்வெளிக் கதையும் உண்டு. சோவியத், அமெரிக்க விண்வெளி வீரர்கள் வேற்றுலக மக்களைக் கண்டு அங்கே செல்கின்றனர். அவ்வுலகில் போர் இல்லை என்ற செய்தி கேட்டு அஞ்சிய இரு அரசுகளும் அவ்வீரர்களைத் திரும்பவிடாது, புவியைச் சுற்றி ராக்கெட்டுகளால் ஒரு வளையமிடுகின்றன. மான்குர்த்தின் தலையைச் சுற்றிய தோலும், புவியைச் சுற்றிய இவ்வளையமும் ஒன்றே என்பது ஆசிரியர் கருத்து. கருத்து பெரிது. ஆனால் சமவெளியின் புழுதியும், ஒட்டகத்தின் மூச்சும், எடிகேயின் மனச்சுமையும் உயிர்பெற்ற அளவுக்கு இப்பகுதி உயிர்பெறவில்லை. அலுவலக அறிக்கை நடையில் அமைந்து, ஜனாஸா ஊர்வலத்தை வெட்டி வெட்டி நிறுத்துகிறது.

இரண்டாவது, மொழி. தாய்மொழியில் பேச மறுத்த அதிகாரியைக் கண்டு நாம் வெகுண்டோம். ஆனால் இந்நாவல் எழுதப்பட்டதே ருஷ்ய மொழியில்தான். 1960களின் நடுவிலிருந்தே ஐத்மாத்தவ் தம் பெரும் படைப்புகளை ருஷ்யத்தில் எழுதலானார். உலகின் செவிக்கு எட்ட அதுவே வழி என்பதும், கிர்கீஸ் மொழியின் வாய்மொழிக் காவிய மரபு அவர் ருஷ்யத்துக்குள்ளும் ஒலிக்கிறது என்பதும் உண்மையே. இருப்பினும் எடிகே ஒருவர் இந்நாவலைப் படிக்க வேண்டுமாயின், காவலதிகாரி கேட்ட அதே மொழியில்தான் படிக்க நேர்ந்திருக்கும். ஆசிரியரும் அந்த முள்வேலியின் இருபுறமும் நின்றவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மூன்றாவது, அவர் அமர்ந்த நாற்காலிகள். 1973இல் ஸாகரவ், ஸொல்ஷெனித்ஸின் ஆகியோரைக் கண்டித்து ‘பிராவ்தா’வில் வெளியான எழுத்தாளர் கடிதத்தில் அவர் பெயரும் இருந்தது. பதவிகளும் பரிசுகளும் அவரைத் தேடி வந்தன. 1990இல் கோர்பசேவின் ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். அபுதாலிப்பைப் படைத்த கை, அக்கடிதத்திலும் கையொப்பமிட்டது. அபுதாலிப்பின் இறுதி நாள்களைச் சொல்லும் ஒரு பகுதியைச் செங்கிஸ்கானின் கதையோடு இணைத்து எழுதியிருந்தும், 1990இல்தான் அதை அவரால் அச்சேற்ற முடிந்தது. இவற்றைச் சொல்வது அவரை இழிவுபடுத்த அன்று. மறதி என்பது அச்சத்தோடும் பிழைப்போடும் எவ்வாறு பின்னிக் கிடக்கிறது என்பதை அவர் வெளியிலிருந்து பார்த்து எழுதவில்லை என்பதை உணர்த்தவே கூறுகிறோம்.

சொல் ஆயுதமான காலம்

நாவல் வெளிவந்து ஆறாண்டுகள் கழித்து, 1986 டிசம்பர் 16 அன்று, கஸாக்ஸ்தானை நெடுங்காலம் ஆண்ட கட்சித் தலைவர் குனாயெவ் நீக்கப்பட்டு, அக்குடியரசுக்கே புதியவரான கோல்பின் என்னும் ருஷ்யர் அமர்த்தப்பட்டார். மறுநாள் அல்மா-ஆத்தாவின் சதுக்கத்தில் கஸாக் இளைஞர்கள் திரண்டனர். படையினர் அவர்களை அடித்து விரட்டினர், உயிர்கள் பலியாயின. 1989இல் தாஜிக்கிஸ்தான் ஜூலையிலும், கஸாக்ஸ்தானும் கிர்கீஸியாவும் செப்டம்பரிலும், உஸ்பெக்கிஸ்தான் அக்டோபரிலும் தத்தம் மொழிகளை ஆட்சிமொழிகளாக்கிச் சட்டம் இயற்றின. அதே ஆண்டில் கஸாக் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனவின் தலைமையில், ஸெமிபலாத்தின்ஸ்க் அணுகுண்டுச் சோதனைக்கெதிராக மக்கள் இயக்கம் எழுந்தது. 1949 முதல் நடந்த அச்சோதனைகளின் தளம் 1991 ஆகஸ்ட் 29 அன்று மூடப்பட்டது. எடிகே மீன்பிடித்த ஏரல் கடலோ, அதில் கலந்த இரு பேராறுகளையும் பருத்திக்குத் திருப்பியதால் வற்றி, 1980களின் இறுதியில் இரண்டாய்ப் பிளந்தது. இப்போராட்டங்களில் எழுத்தாளர் முன்னே நின்றது அந்நாடுகளின் இலக்கியத்திற்குப் பெருமை.

இதே ஆண்டுகள் இன்னொன்றையும் காட்டின. 1989 ஜூனில் பெர்கானாப் பள்ளத்தாக்கில் உஸ்பெக்கியர் மெஸ்கேத்தியத் துருக்கியரைத் தாக்கினர். ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். 1990 ஜூனில் ஓஷ் நகரில் கிர்கீஸியரும் உஸ்பெக்கியரும் மோதினர். நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். உஸ்பெக்கியர் மிகுந்திருந்த ஒரு கூட்டுப்பண்ணை நிலத்தைக் கிர்கீஸியர் வீடு கட்டிக்கொள்ள ஒதுக்கியதே அதற்குப் பொறி. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் முஸ்லிம்கள். அவர்கள் யாரும் மான்குர்த்துகள் அல்லர்; தம் இனத்தின் பெயரை நன்கு நினைவில் வைத்திருந்தவர்கள்.

மான்குர்த் என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் தவறவிட்டது இதைத்தான். நினைவு என்பது தன் இனத்தின் பெயரை அறிவது மட்டுமாயின், அது எளிதில் அம்பாகிவிடும். எடிகேயின் நினைவு அத்தகையதன்று. இறந்த நண்பருக்குரிய கடன், தன் குருதியினர் அல்லாத அபுதாலிப்பின் பிள்ளைகளுக்குரிய கடன், வெறுக்கத்தக்கவனாகிவிட்ட ஸபித்ஜானுக்கும் உரிய இரக்கம் ஆகிய இவற்றையே அவர் நினைவாகச் சுமந்தார். அவருக்கு நினைவு பொறுப்பாக இருந்தது. மேடையில் அது உரிமைக் கூச்சலாக மட்டும் சுருங்கிற்று. 1991 மார்ச் 17 வாக்கெடுப்பில், மத்திய ஆசியக் குடியரசுகளில் வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் யூனியன் நீடிக்க வேண்டும் என்றே வாக்களித்தனர் என்பதையும் இங்குக் கருத வேண்டும். அடக்கிய ஆட்சி, வாழ்வளித்த ஆட்சி என்னும் இரண்டும் ஒன்றே என்ற குழப்பம் அம்மக்களின் நெஞ்சில் இருந்தது. மான்குர்த் என்று முத்திரை குத்துவதால் தீரும் குழப்பமன்று அது.

தந்தையின் கபுறு

அதே 1991இல், கிர்கீஸியத் தலைநகருக்கு அருகே சோன்-தாஷ் என்னும் இடத்தில், பழைய செங்கல் சூளை ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன. 1938இல் இரகசியமாய்ச் சுட்டுப் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவ்விடத்தின் காவலாளியாய் இருந்த ஒருவர், இறக்குமுன் தம் மகளிடம் சொல்லி வைத்த செய்தியே இடத்தைக் காட்டிற்று. அங்கே தொரெகுல் ஐத்மாத்தவின் பெயர் பொறித்த குற்றப்பத்திரிகையும் கிடைத்தது. ஆகஸ்ட் 30 அன்று அவர்கள் முறைப்படி நல்லடக்கம் செய்யப்பட்டனர். மறுநாள் கிர்கிஸ்தான் விடுதலையை அறிவித்தது. அந்த அடக்கவிடத்திற்கு மகன் இட்ட பெயர் ஆத்தா-பெயித். தந்தையரின் அடக்கவிடம் என்பது பொருள். நாவலில் தாயின் மையவாடியை முள்வேலிக்குள் இழந்தவர், வாழ்வில் தந்தையின் மையவாடியைக் கண்டெடுத்தார். 2008 ஜூனில் மறைந்தபோது அவரும் அங்கேயே அடக்கப்பட்டார்.

அவ்விடத்தைக் காட்டியது நூலகமோ அரசின் ஆவணமோ அன்று என்பதைச் சிந்திப்போமாக. ஒரு தந்தை தம் மகளிடம் சொன்னார். மகள் அதை ஏறத்தாழ இருபதாண்டுகள் காத்து, காலம் வந்தபோது உரைத்தாள். அபுதாலிப் தம் பிள்ளைகளுக்காக எழுதி வைத்ததும் இதே நோக்கத்தில்தான். கஸங்காப் தம் மகனுக்குக் கல்வியைக் கொடுத்தார். இதைக் கொடுக்க மறந்தார்.

ஆகவே, சோவியத் யூனியன் மறைந்ததோடு இந்நாவலின் வேலை முடிந்துவிடவில்லை என்கிறோம். பிள்ளைகளைத் தொலைவிலுள்ள விடுதிகளுக்கும் நகரங்களுக்கும் அனுப்பி, அவர்கள் உயர வேண்டும் என்று இரவும் பகலும் துஆச் செய்யும் எந்தக் குடும்பமும் இதைப் படித்தல் நன்று. இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1983இலேயே வெளிவந்துள்ளது. படிக்க வாய்ப்புள்ளவர்கள் படித்து, அதன் கதையை வீட்டில் பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்திருக்கும் வேளையில் எடுத்துச் சொல்வார்களாக. சொல்லி முடித்தபின், எவரை மான்குர்த் என்று அழைக்கலாம் எனத் தேடாமல், நம்மை அடக்கம் செய்யும் நாளில் ஓதுவதற்கு நம் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், எடிகே அந்நெடும்பாதையைக் கடந்தது வீண்போகாது.